தரையைத் தட்டாத கால்: எலிப்டிகல் இயந்திரத்தின் கதை

எந்த ஜிம்முக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சி இருக்கும். ஒரு வரிசையில் டிரெட்மில். பக்கத்தில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள். அதற்கும் பக்கத்தில், ஓடுவது போலவும் இல்லாமல், சைக்கிள் மிதிப்பது போலவும் இல்லாமல், காற்றில் நடப்பது போல ஆட்கள் ஆடிக்கொண்டிருப்பார்கள். அந்த மூன்றாவது இயந்திரத்தின் பெயர்தான் எலிப்டிகல் டிரெயினர். எலிப்ஸ் என்றால் நீள்வட்டம். கால் போகும் பாதை நீள்வட்டமாக இருப்பதால் இந்தப் பெயர்.

முழங்கால் வலி என்று டாக்டரிடம் போகும் பலருக்கும் "தாக்கம் குறைவான உடற்பயிற்சியாகச் செய்யுங்கள்" என்ற ஆலோசனை கிடைக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போனால், அங்கே பேசப்படுவது வேறு. திரை எத்தனை அங்குலம், எத்தனை புரோகிராம், கைபேசியோடு இணையுமா, இதயத்துடிப்பு காட்டுமா... இவ்வளவும் விசாரித்து வீட்டுக்குக் கொண்டுவந்த இயந்திரம் சில மாதங்களில் துணி காயப்போடும் கொடியாகிவிடுவதும் உண்டு. காரணம் சோம்பல் மட்டுமல்ல. பல நேரங்களில் அந்த இயந்திரம் வாங்கியவரின் காலுக்குப் பொருந்தவில்லை என்பதே காரணம்.

இந்த இயந்திரம் எந்தப் பிரச்சினையைத் தீர்க்கப் பிறந்தது என்று தெரிந்துவிட்டால், எதைப் பார்த்து வாங்குவது என்பதும் தெரிந்துவிடும். அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். கொஞ்சம் என்றால், இருநூறு வருடங்களுக்கும் மேலே!

வியாபாரிக்கும் மாணவனுக்கும் ஒரு மர இயந்திரம்

1796-ஆம் ஆண்டு லண்டனில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் ஒரு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பெயர் ஜிம்னாஸ்டிகான். மரச்சட்டம். கீழே கால்களால் மிதிக்க இரண்டு பலகைகள். மேலே கைகளால் சுற்ற இரண்டு பிடிகள். கையும் காலும் சேர்ந்து இயங்கும். மூட்டுவாதம், பக்கவாதம் போன்றவற்றால் நடமாட்டம் குறைந்தவர்களுக்காகவே இது முதலில் சொல்லப்பட்டது. நோயாளியால் முடியாவிட்டால் இன்னொருவர் சுற்றிவிடலாம், நோயாளியின் கை கால்கள் தானாக அசையும்.

இன்னொரு உபயோகமும் சொல்லப்பட்டது. கணக்கு எழுதும் வியாபாரியும், புத்தகம் படிக்கும் மாணவனும் தங்கள் வேலையை விடாமலே கால்களுக்கு வேலை கொடுத்துக்கொள்ளலாமாம். டி.வி. பார்த்துக்கொண்டே உடற்பயிற்சி செய்யலாம் என்று இன்று வரும் விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

ஆக, வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் கையையும் காலையும் சேர்த்து இயக்கும் இயந்திரம் என்ற யோசனை புதிதல்ல. அது வலியுள்ள மூட்டுகளுக்காகவே தோன்றியது என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம்.

தண்டனையாகப் பிறந்த படிக்கட்டு

ஜிம்னாஸ்டிகான் ஊரெங்கும் பரவவில்லை. அதற்கு அடுத்து வந்த கால் இயந்திரம் நன்றாகவே பரவியது. ஆனால் யாரும் விரும்பி ஏறவில்லை!

1818-ல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், சிறைக் கைதிகள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதற்காக ஒரு பெரிய சக்கரத்தை வடிவமைத்தார். சக்கரத்தின் வெளிப்புறத்தில் படிகள். கைதிகள் வரிசையாக நின்று ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு படி ஏற வேண்டும். ஏற ஏறச் சக்கரம் கீழே சுழலும். எவ்வளவு ஏறினாலும் உச்சி வராது. சில சிறைகளில் இது தானியம் அரைத்தது. சில சிறைகளில் எதையுமே அரைக்கவில்லை, வெறும் காற்றைத்தான் அரைத்தது. செக்கு மாட்டுக்காவது கடைசியில் எண்ணெய் வரும். இந்தக் கைதிகளுக்கு அதுவும் இல்லை.

ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயர் டிரெட்மில். இன்று ஜிம்மில் ஓடும் பட்டைக்கும் அதே பெயர்தான். 1895-ல் கடுங்காவல் தண்டனை பெற்ற எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டும் இந்தச் சக்கரத்தை மிதித்தவர். 1898-ல் வந்த சிறைச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்து இதைக் கைவிட்டது.

கதை அதோடு முடியவில்லை. 1983-ல் அமெரிக்காவில் ஸ்டேர்மாஸ்டர் என்ற இயந்திரம் வந்தது. சுழலும் படிக்கட்டு. ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், உச்சி வராது. இந்த முறை ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நின்றார்கள். ஒரே இயந்திரம், சிறையில் இருந்தால் தண்டனை, ஜிம்மில் இருந்தால் ஆரோக்கியம். இரண்டுக்கும் நடுவில் என்னதான் மாறியது? மனிதன் செய்யும் வேலை மாறிவிட்டது. நாள் முழுக்க உடம்பால் உழைத்தவனுக்குப் படியேறுவது தண்டனை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதுவே மருந்து.

ஸ்டாக்ஹோமில் 27 இயந்திரங்கள்

இந்த மாற்றத்தை முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் குஸ்டாவ் சாண்டர் என்ற சுவீடன் நாட்டு டாக்டர். 1865-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு நிலையம் தொடங்கினார். அங்கே 27 வகை இயந்திரங்கள் இருந்தன. கைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. எடையையும் நெம்புகோலையும் கொண்டு ஒவ்வொரு நோயாளிக்கும் தேவையான அளவுக்கு எதிர்ப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. 1876-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா கண்காட்சிக்கும் இவை போயின. பிறகு ஐரோப்பாவின் மருத்துவ விடுதிகளிலும் அமெரிக்க நகரங்களிலும் இவை பரவின. வந்தவர்களில் பெரும்பாலோர் வசதியானவர்கள், உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள்.

1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலில்கூட ஒரு உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. அதில் மின்சாரக் குதிரையும் மின்சார ஒட்டகமும் இருந்தன என்றால் நம்ப முடிகிறதா! ஏறி உட்கார்ந்தால் ஒட்டகம் போலவே ஆட்டும்.

சாண்டரிடம் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். இயந்திரம் ஆளுக்குத் தகுந்தபடி மாற வேண்டும், ஆள் இயந்திரத்துக்குத் தகுந்தபடி மாறக் கூடாது. 150 வருடங்களுக்கு முன் அவர் பிடித்துக்கொண்ட இந்த விதி, எலிப்டிகல் விஷயத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போகப்போகிறது.

ஓடத் தொடங்கிய அமெரிக்கா

1962-ல் ஓரிகான் பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மேன் நியூசிலாந்துக்குப் போனார். அங்கே ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளர், சாதாரண மக்களையும் நடுவயதுக்காரர்களையும் மெதுவாக ஓட வைத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த பவர்மேன் ஜாகிங் பற்றி எழுதினார். 1967-ல் அது புத்தகமாக வந்தது. (நைக்கி ஷூ கம்பெனியை உருவாக்கிய இருவரில் ஒருவரும் இவர்தான். ஜாகிங்கும் ஷூ வியாபாரமும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்.)

1968-ல் அமெரிக்க விமானப்படை டாக்டர் கென்னத் கூப்பர் "ஏரோபிக்ஸ்" என்ற புத்தகத்தை வெளியிட்டார். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடர்ந்து வேலை கொடுக்கும் பயிற்சியே முக்கியம் என்பது அவர் வாதம். இதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர், மழையிலும் குளிரிலும் வீட்டுக்குள்ளேயே ஓட வழி வேண்டும் என்று யோசித்து, வீட்டு உபயோகத்துக்கான டிரெட்மில்லைச் செய்தார். அதுவரை ஓடும் பட்டை ஆஸ்பத்திரிகளில்தான் இருந்தது. 1950-களில் சியாட்டில் நகரில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் நோயாளிகளை அதில் நடக்க வைத்து இதயத்தைச் சோதிக்கும் முறையை உருவாக்கியிருந்தார். சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு. டிரெட்மில் என்ற பெயர் நடந்து வந்த பாதை இது.

1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்கர் பிராங்க் ஷார்ட்டர் தங்கம் வாங்கினார். 1977-ல் ஜிம் பிக்ஸ் எழுதிய ஓட்டம் பற்றிய புத்தகம் சக்கைப்போடு போட்டது. ஊரே ஓடியது. 1982-ல் நடிகை ஜேன் பாண்டாவின் உடற்பயிற்சி வீடியோ வந்ததும், ஓடாதவர்களும் வீட்டில் டி.வி. முன்னால் குதிக்கத் தொடங்கினார்கள்.

ஓடியும் குதித்தும் பழக்கமில்லாத கால்கள் என்ன செய்யும்? வலிக்கும். முழங்கால், கணுக்கால், முன்னங்கால் எலும்பு என்று புகார்கள் வந்தன. அந்த 1980-களில்தான் "லோ இம்பாக்ட்" என்ற சொல் ஏரோபிக்ஸ் வகுப்புகளில் புழக்கத்துக்கு வந்தது. அதன் அர்த்தம் ரொம்ப எளிமை. எந்த நேரத்திலும் ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தாக்கம் என்பது என்ன?

நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கிறது. ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் இரண்டு கால்களுமே காற்றில் இருக்கின்றன. பிறகு முழு உடம்பும் ஒரு காலின் மேல் இறங்குகிறது. அப்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு. 70 கிலோ ஆள் என்றால் 140 முதல் 210 கிலோ! ஒரு எட்டுக்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் இப்படி 5,000 முறை.

இதைக் கேட்டு ஓடுபவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆரோக்கியமான மூட்டு இதைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. 2017-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். அதாவது அளவான ஓட்டம் மூட்டைக் கெடுக்கிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை.

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. ஏற்கனவே மூட்டில் வலி இருப்பவருக்கு, எடை கூடியவருக்கு, அடிபட்டுத் தேறி வருபவருக்கு அந்த 5,000 இறக்கங்கள் தாங்காது. ஆனால் இதயத்துக்கு ஓட்டத்தின் வேலை வேண்டும். இறக்கம் இல்லாமல் ஓட்டம் மட்டும் வேண்டும். முடியுமா?

சைக்கிள் ஒரு பதில். ஆனால் அதில் உடம்பின் எடையைச் சீட் தாங்கிக்கொள்கிறது. துடுப்பு போடும் இயந்திரம் ஒரு பதில். அதிலும் உட்கார வேண்டும். மினசோட்டா மாநிலத்தில் எட்வர்ட் பால்ஸ் என்பவர் 1975-ல் பனிச்சறுக்கு நடையைப் போலச் செய்யும் நார்டிக்டிராக் என்ற இயந்திரத்தைச் செய்தார். நின்றபடியே, தாக்கம் இல்லாமல், கையும் காலும் சேர்ந்த பயிற்சி. நல்ல யோசனைதான், ஆனால் பனிச்சறுக்கு தெரியாதவர்களுக்கு அந்த அசைவு சுலபத்தில் வராது.

1995: நீள்வட்டம் வந்தது

லாரி மில்லர் என்பவர் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. தன் மகள் ஓடும்போது அவர் பக்கத்திலேயே காரில் போய் அதைப் படம் பிடித்தாராம். பிறகு அந்தப் படத்தில் அவள் பாதம் போகும் பாதையை வரைந்து பார்த்தாராம். கதை எப்படியோ, காப்புரிமைப் பதிவு நிஜம். 1995 ஜனவரியில் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பிரீகோர் கம்பெனி இ.எஃப்.எக்ஸ். என்ற பெயரில் இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

உள்ளே இருக்கும் தந்திரத்தை ஒரு அடி ஸ்கேலை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஸ்கேலின் ஒரு முனையை வட்டமாகச் சுற்றுங்கள். மறு முனை மேஜையின் மேல் முன்னும் பின்னும் மட்டுமே நகரட்டும். இப்போது ஸ்கேலின் நடுவில் இருக்கும் புள்ளி எப்படிப் போகிறது என்று பாருங்கள். வட்டமும் இல்லை, கோடும் இல்லை. நீள்வட்டம்! இ.எஃப்.எக்ஸ். இயந்திரத்திலும் இதுவேதான். பின் முனை சக்கரத்தோடு சுற்றியது, முன் முனை ஒரு சாய்வுத் தடத்தில் உருண்டது, நடுவில் பாதம்.

பாதம் பெடலை விட்டு எழுவதே இல்லை. எழாத கால் இறங்கவும் தேவையில்லை. இறங்காத இடத்தில் தாக்கமும் இல்லை. ஆனால் ஆள் நின்றுகொண்டிருக்கிறார், தன் எடையைத் தானே தாங்குகிறார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். சில வருடங்களிலேயே ஜிம்களில் இதற்கென்று ஒரு வரிசை வந்துவிட்டது.

ஒரு எட்டுக்காக ஒரு வழக்கு

வியாபாரத்தில் ஒரு பொருள் ஜெயித்தால் அடுத்து வருவது போட்டி. அதற்கடுத்து வழக்கு. எலிப்டிகலும் தப்பவில்லை. சக்கரத்தைப் பின்னால் வைப்பதா, முன்னால் வைப்பதா, பக்கத்தில் வைப்பதா என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு காப்புரிமையோடு இறங்கியது.

இதில் ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐகான் பெரிய கம்பெனி. நார்டிக்டிராக்கை 1998-ல் வாங்கியதும் அதுதான். ஆக்டேன் என்பது மினசோட்டாவின் சின்னக் கம்பெனி. பயன்படுத்துபவரின் எட்டுக்குத் தகுந்தபடி பாதையை மாற்றிக்கொள்ளும் எலிப்டிகல் ஒன்றுக்கு ஐகானிடம் காப்புரிமை இருந்தது. ஆனால் அந்தக் காப்புரிமையில் உள்ள இயந்திரத்தை ஐகான் ஒருபோதும் விற்பனைக்குக் கொண்டுவரவே இல்லை! அதை வைத்து ஆக்டேன் மேல் வழக்குப் போட்டது. ஆக்டேன் காப்புரிமையை மீறவில்லை என்று தீர்ப்பானது.

ஆனால் ஜெயித்தும் லாபமில்லை. அமெரிக்காவில் பொதுவாக வக்கீல் செலவை அவரவரே ஏற்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தில் "விதிவிலக்கான" வழக்குகளில் மட்டும் தோற்றவரிடம் செலவை வாங்கலாம். அந்த விதிவிலக்கை நிரூபிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியமாக இருந்தது. 2014 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் கடுமையான விதியைத் தள்ளுபடி செய்தது. மற்ற வழக்குகளிலிருந்து தனித்துத் தெரிவதே விதிவிலக்கான வழக்கு என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதினார். அன்றிலிருந்து அமெரிக்காவில் யார் ஆதாரமில்லாமல் காப்புரிமை வழக்குப் போட நினைத்தாலும் இந்தத் தீர்ப்பை யோசிக்க வேண்டியிருக்கிறது.

வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கம்பெனிகள் சண்டை போட்டது திரைக்காக அல்ல. புரோகிராமுக்காகவும் அல்ல. காலின் பாதை ஆளுக்கு ஆள் மாற வேண்டும் என்ற ஒரு விஷயத்துக்காக. சாண்டர் 1865-ல் சொன்ன அதே விஷயம்!

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் எட்டின் நீளம். பெடல்கள் அதிகபட்சம் விலகி நிற்கும்போது இருக்கும் இடைவெளி இது. வீட்டு இயந்திரங்களில் சுமாராக 14 முதல் 21 அங்குலம் வரை இருக்கும். ஐந்தேகால் அடிக்குக் குறைந்த உயரம் உள்ளவருக்கு 16 அங்குலம் போதும். ஐந்தரை அடிக்காரருக்கு 18 அங்குலம் வேண்டும். ஆறடி ஆளுக்கு 20-க்குக் குறைந்தால் ஓடுவது போல் இருக்காது, குறுகலான படியில் தத்தித் தத்தி ஏறுவது போல் இருக்கும். விலை குறைந்த மாடல்களில் முதலில் குறைக்கப்படுவது இந்த நீளம்தான். வீட்டில் பலர் உபயோகிக்கப்போவதாக இருந்தால் உயரமானவரை வைத்துப் பார்ப்பதோடு, குள்ளமானவரையும் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சக்கரம் இருக்கும் இடம். பின்னால் இருந்தால் அசைவு ஓட்டம் போலச் சீராக வரும், ஆனால் இயந்திரம் நீளமாக இருக்கும். முன்னால் இருந்தால் விலை குறையும், அசைவில் கொஞ்சம் படியேறும் தன்மை வரும், உடம்பு முன்பக்கம் சாயப் பார்க்கும். நடுவில் அல்லது பக்கவாட்டில் இருந்தால் இடம் மிச்சம், விலை கூடும்.

மூன்றாவது, இரண்டு பெடல்களுக்கும் நடுவில் உள்ள அகலம். நடக்கும்போது நம் பாதங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே போகின்றன. பெடல்கள் அகன்று இருந்தால் கால்கள் விரிந்து, இடுப்பிலும் முழங்காலிலும் கோணல் விழும். மூட்டு வலிக்காக வாங்கிய இயந்திரமே மூட்டு வலியைத் தரக்கூடிய இடம் இது. விளம்பரத்தில் இந்த அளவு பெரும்பாலும் இருக்காது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

நான்காவது, சுழற்சி. ஃப்ளைவீல் போதுமான கனத்தோடு இருந்தால் மேலே போகும் கால் தடங்கல் இல்லாமல் கீழே வரும். லேசாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெட்டு இருக்கும். காந்தத் தடை உள்ளதில் தேய்வதற்கு எதுவும் இல்லை, சத்தமும் குறைவு. மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் சின்ன விஷயமல்ல.

ஐந்தாவது, பலரும் மறப்பது. கூரை! பெடல் உச்சிக்குப் போகும்போது ஆளும் கூடவே உயர்கிறார். பெடலின் அதிகபட்ச உயரம், அதோடு ஆளின் உயரம், அதற்கு மேல் அரை அடியாவது இடைவெளி. இதைக் கூட்டிப் பார்க்காமல் வாங்கினால் மின்விசிறியோடு மோத வேண்டி வரும்.

ஆறாவது, இயந்திரம் தாங்கும் எடையும் பழுது பார்க்க ஆள் கிடைப்பதும். உத்தரவாதச் சீட்டில் எத்தனை வருடம் எழுதியிருந்தாலும், அது கம்பெனியின் ஆயுளுக்கு உட்பட்டது. முன்னோடியான பிரீகோரை 2021-ல் பெலோட்டன் 42 கோடி டாலருக்கு வாங்கியது. உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த ஆக்டேனை 2015 கடைசியில் நாட்டிலஸ் 11.5 கோடி டாலருக்கு வாங்கி, 2020-ல் வேறு கைக்கு விற்றது. அந்த நாட்டிலஸ் 2023-ல் போஃப்ளெக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 2024 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. அதன் சொத்துக்களை தைவானின் ஜான்சன் ஹெல்த் டெக் வாங்கியது. ஐகானும் 2021-ல் ஐஃபிட் ஆகிவிட்டது. இத்தனை பெயர் மாற்றம் நடக்கும் தொழிலில் பிராண்டை விட உதிரி பாகமும், பக்கத்து ஊரில் இருக்கும் மெக்கானிக்கும் பெரிய உத்தரவாதம்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, வாங்கும் முன் கால் மணி நேரமாவது ஏறி மிதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் எல்லா இயந்திரமும் நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிடத்தில்தான் விரல் மரத்துப்போவதும், முழங்கால் இழுப்பதும், முதுகு வளைவதும் தெரியும்.

இயந்திரம் தராதவை

தாக்கம் குறைவு என்றால் சுமை இல்லை என்று அர்த்தமல்ல. இதைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2007-ல் தைவான் ஆராய்ச்சியாளர்கள் எலிப்டிகலையும் சாதாரண நடையையும் ஒப்பிட்டார்கள். பாதத்தில் விழும் தாக்கம் நடையை விடவும் குறைவாகவே இருந்தது. ஆனால் முழங்காலை நீட்டும் தசைகளும் இடுப்பை மடக்கும் தசைகளும் நடையை விட அதிகமாக உழைத்தன. அதாவது இறங்கும் அடி போய்விட்டது, உள்ளே தசை இழுக்கும் வேலை கூடிவிட்டது. ஆகவே முழங்காலில் எந்த மாதிரி கோளாறு என்று தெரியாமல், "தாக்கம் குறைவுதானே" என்று முதல் நாளே முழுத் தடையில் மிதிப்பது சரியல்ல. டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டுவிட்டு, குறைந்த தடையில், பத்து நிமிடத்தில் தொடங்கி ஏற்றிக்கொண்டு போவதே முறை.

இன்னொன்று எலும்பு. எலும்பு உறுதியாவது அதன் மேல் விழும் சுமையாலும் தாக்கத்தாலும்தான். தாக்கத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் அந்தப் பலனும் குறைகிறது. முடிந்தவர்கள் எலிப்டிகலோடு கொஞ்சம் நடையும், எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

திரையில் ஓடும் கலோரிக் கணக்கையும் அப்படியே நம்பத் தேவையில்லை. அது ஒரு மதிப்பீடு மட்டுமே. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு மிதித்தாலும் அந்த எண் ஏறிக்கொண்டேதான் இருக்கும். மூச்சு வாங்குகிறதா, ஆனால் பேச முடிகிறதா என்பதே நல்ல கணக்கு.

லவுண்ட்ஸின் மரச்சட்டத்திலிருந்து மில்லரின் நீள்வட்டம் வரை 200 வருடங்கள் ஆகின. இவ்வளவு காலத்தில் மனிதன் கண்டுபிடித்தது, காலில் விழும் அடியை எப்படி எடுத்துவிடுவது என்பதை. உழைப்பை எடுத்துவிடும் இயந்திரம் இன்னும் வரவில்லை, வந்தால் அது உடற்பயிற்சியும் அல்ல. அடியை எடுக்கவும்கூட அந்த நீள்வட்டம் மிதிப்பவரின் எட்டோடு ஒத்துப்போக வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தது குளத்துக்கும் ஆற்றுக்கும். எலிப்டிகல் வாங்கப் போகிறவர்கள் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். நீளம் தெரியாமல் காலை விடாதே!